கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் ஓலை

உதவி என்னும் சொல்லுக்கு நம் மொழியில் உயர்ந்த இடம் உண்டு. பெற்றவர் அதை மறப்பது பண்பன்று. கொடுத்தவர் அதைத் திருப்பிக் கேட்பதும் பண்பன்று. இது மனிதருக்கு மனிதர் செய்யும் உதவிக்குரிய வழக்கு. அரசும் அரசு சார்ந்த நிறுவனங்களும் வழங்கும் உதவித்தொகை இவ்வழக்குக்கு உட்பட்டதன்று. வேலையை இழந்த ஒருவர் சில திங்கள் உதவித்தொகை பெறுகிறார். அரிசிக்கும் வாடகைக்கும் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் அது கரைந்துவிடுகிறது. பின்னொரு நாள் கடிதம் ஒன்று வருகிறது. “உங்களுக்கு வழங்கிய தொகை தகுதியின்றி வழங்கப்பட்டதாகும், குறித்த நாளுக்குள் திருப்பிச் செலுத்துக” என்பது அதன் சாரம்.

இத்தகைய ஓலை வந்தால் என் செய்வது? பலர் அறிந்த வழிகள் இரண்டே. ஒன்று, கடன்பட்டாவது கட்டிவிடுவது. மற்றொன்று, கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வாளாவிருப்பது. முன்னது ஒருவேளை தராமலிருக்கக்கூடிய பணத்தைத் தருவதாகும். பின்னது ஒருவேளை வென்றிருக்கக்கூடிய வழக்கை வாய் திறவாமல் தோற்பதாகும். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதுவே முறையீடு. அதன் இயல்பையும் முறையையும் இக்கட்டுரையில் காண்போம்.

இதை ஆசிரியர்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. தோட்டப்புறத்தில் அலுவலகக் கடிதம் வந்தால் மக்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு முதலில் வருவது பள்ளிக்கூடத்துக்கே. படித்துச் சொல்வதும், மறுமொழி எழுதித் தருவதும், கையெழுத்து எங்கே இடவேண்டும் என்று காட்டுவதும் தலைமையாசிரியரின் எழுதப்படாத கடமைகள். இன்று பந்திங் வட்டாரத்துப் பெற்றோரிற் பலர் பால்மரத்தையும் செம்பனையையும் விட்டுத் தொழிற்சாலைக்கும் பண்டகசாலைக்கும் விமான நிலையத்துக்கும் வேலைக்குச் செல்கின்றனர். வேலை மாறினாலும் கடிதத்தைக் கண்டு அஞ்சும் அச்சம் மாறவில்லை.

உதவியா, உரிமையா?

முதலில் தெளியவேண்டியது ஒன்று. வேலையிழப்பு உதவித்தொகை தானமா, உரிமையா?

1930 முதல் 1932 வரை ரப்பர் விலை வீழ்ந்த காலத்தில் மலாயாத் தோட்டங்களில் வேலையிழந்த தமிழருக்குக் கிடைத்த உதவி பெரும்பாலும் கப்பற் பயணச் சீட்டுத்தான். இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் அந்த ஆண்டுகளில் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1907-இல் தொடங்கப்பட்ட குடியேற்ற நிதியிலிருந்து அதற்குச் செலவு செய்யப்பட்டது. வேலை இல்லையேல் இருப்பிடமும் இல்லை என்பதே அக்காலத்து நீதி.

அதற்கு முன்பே, 1911-இல், பிரிட்டனில் தேசியக் காப்புறுதிச் சட்டம் இயற்றப்பட்டது. கட்டடம், கப்பல் கட்டுதல், பொறித்தொழில் முதலிய சில தொழில்களுக்கு மட்டும் அஃது வேலையிழப்புக் காப்புறுதியை அளித்தது. தொழிலாளி, முதலாளி, அரசு ஆகிய மூவரும் பணம் செலுத்தினர். வேலையிழந்தவருக்கு வாரம் 7 ஷில்லிங், ஆண்டுக்கு 15 வாரம் வரை வழங்கப்பட்டது. இங்கு நாம் நினைவில் இருத்தத்தக்க செய்தி வேறொன்று. அலுவலரின் முடிவை ஒப்பாதவர் நடுவர் குழுவிடம் முறையிடலாம் என்றும் அச்சட்டமே கூறியது. அக்குழுவில் தலைவர் ஒருவரும் முதலாளிமார் சார்பில் ஒருவரும் தொழிலாளர் சார்பில் ஒருவரும் அமர்ந்தனர். அதற்கு மேலும் ஒரு நடுவர் இருந்தார். ஆகவே முறையீடு என்பது பின்னாளில் இரக்கப்பட்டுச் சேர்த்த சலுகையன்று. உதவித்தொகையோடு உடன்பிறந்தது அது.

நம் நாட்டில் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1969-இல் வந்தது. அதைச் செயற்படுத்தும் பெர்கேசோ நிறுவனத்தை நம் மக்கள் இன்றும் ‘சொக்சோ’ என்றே அழைப்பர். வேலையில் அடிபட்டால் அஃது உதவியது. வேலையே போனால் உதவும் திட்டம் அதில் இல்லை. அக்குறையை நீக்க 2017-இல் வேலைக் காப்புறுதித் திட்டச் சட்டம் இயற்றப்பட்டு 2018 ஜனவரி 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளியின் சம்பளத்தில் 0.2 விழுக்காடும், முதலாளியிடமிருந்து அதே அளவும் சந்தாவாகப் பெறப்படுகின்றன. வேலையிழந்த 60 நாளுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும்.

சட்டத்தில் முதலில் வகுத்த அளவின்படி, வேலை தேடுங்கால் வழங்கும் தொகை முதல் திங்களில் சம்பளத்தில் 80 விழுக்காடு. இரண்டாம் திங்களில் 50. மூன்றிலும் நான்கிலும் 40. ஐந்திலும் ஆறிலும் 30. கணக்கில் கொள்ளப்படும் சம்பளம் 2,000 வெள்ளியாயின், ஆறு திங்களுக்கும் முறையே 1,600, 1,000, 800, 800, 600, 600 வெள்ளி. கூட்டினால் 5,400 வெள்ளி. செலுத்திய சந்தாவின் அளவைப் பொறுத்து இத்திங்கள்களின் எண்ணிக்கை குறையவும் கூடும்.

தொழிலாளி தம் சம்பளத்தினின்றும் திங்கள்தோறும் கொடுத்த சந்தாவின் பேரில் வருவது இது. ஆதலின் இது பிச்சையன்று, காப்புறுதி. 2020 மே திங்களில் கொரோனாத் தொற்றின் விளைவாக நம் நாட்டில் வேலையின்மை 5.3 விழுக்காட்டை எட்டியது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையின்றி இருந்தனர். அந்நாளில் இத்தொகையால் அடுப்பெரிந்த வீடுகள் பல. பெற்றது உரிமை என்பதை உணர்ந்தவர்க்கே அதைத் திருப்பிக் கேட்கும்போது ‘ஏன்?’ என்று வினவும் துணிவு பிறக்கும்.

மிகைத்தொகை எவ்வாறு எழுகிறது?

உரிய அளவுக்கு மேல் வழங்கிய தொகையை மிகைத்தொகை எனலாம். அது நான்கு வழிகளில் எழும்.

முதலாவது, ஏமாற்று. வேலைக்குச் சென்றுகொண்டே வேலையில்லை என்று எழுதித் தொகை பெறுவது. இதற்கு எந்நாட்டிலும் மன்னிப்பு அரிது.

இரண்டாவது, பெற்றவரின் அறியாப் பிழை. புதிய வேலையில் சேர்ந்த நாளைத் தாமதமாகத் தெரிவித்தல், படிவத்தின் பொருள் விளங்காமல் தவறான கட்டத்தில் குறியிடுதல் முதலியன இவ்வகை.

மூன்றாவது, அலுவலகத்தின் பிழை. பெற்றவர் உண்மையையே சொல்லியிருப்பார், கணக்கிட்டவர் தவறியிருப்பார்.

நான்காவது, மிகைத்தொகையே இல்லாமல் மிகைத்தொகை உண்டென்று கருதுவது. கணக்கு முறை தவறாகலாம். ஒருவர் பெயருக்கு மற்றொருவர் வருமானம் ஏறலாம். முதலாளி பின்னர் அனுப்பிய அறிக்கை தொழிலாளி சொன்னதோடு முரண்படலாம்.

நான்காம் வகையில் நம்மவர்க்கு நேரக்கூடியது ஒன்றைச் சற்று விரிவாகக் கூறல் வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படி, தாமாக விரும்பி வேலையை விட்டவருக்கும், ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும், ஒப்பந்தக் காலம் முடிந்து விலகியவருக்கும், ஓய்வு பெற்றவருக்கும் இவ்வுதவி இல்லை. ஆட்குறைப்பால் வேலை போனவருக்கு உண்டு. நிறுவனமே அறிவித்த விருப்ப விலகல் திட்டத்தின்கீழ் விலகியவருக்கும் உண்டு. இப்பொழுது ஒரு நிலையை எண்ணிப் பாருங்கள். ஆலையில் ஆளைக் குறைக்கின்றனர். ‘இதில் கையெழுத்திட்டால் இம்மாதச் சம்பளம் உடனே கிடைக்கும்’ என்று ஒரு தாளை நீட்டுகின்றனர். அது ராஜினாமாக் கடிதம். மொழி விளங்காத தொழிலாளி கையெழுத்திடுகிறார். பின்னர் அத்தாள் வெளிவந்தால், ஆட்குறைப்பால் வேலை போனவர் தாமே விலகியவர் ஆகிவிடுகிறார். பெற்ற தொகை மிகைத்தொகை ஆகிவிடுகிறது. ஒரு கையெழுத்து 5,400 வெள்ளியை உரிமையிலிருந்து கடனாக மாற்றிவிடும்.

இந்நால்வகைப் பகுப்பு வெறும் ஏட்டுப் பகுப்பன்று. எவ்வகை என்பதைப் பொறுத்தே முறையீட்டின் வாதம் அமையும்.

சட்டங்கள் கூறுவன

தவறாகப் பெற்ற பணத்தைத் திருப்பித் தருதல் வேண்டும் என்பது பொதுவிதி. நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு இதையே கூறுகிறது. இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிலாளர் அரசுக் காப்புறுதிச் சட்டமும் தன் 70-ஆம் பிரிவில், தகுதியின்றிப் பெற்ற நலத்தொகையின் மதிப்பைப் பெற்றவர் திருப்பித் தரக் கடமைப்பட்டவர் என்றது. இவற்றை மட்டும் படித்தவர் முறையீட்டுக்கு இடமே இல்லை என்று எண்ணக்கூடும். அவ்வாறன்று. நாடுகள்தோறும் மன்றங்களும் சட்டங்களும் இப்பொதுவிதிக்கு வரம்பு கட்டியுள்ளன.

பிரிட்டனில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பெற்றவர் உண்மையைத் திரித்துக் கூறியிருந்தாலோ மறைத்திருந்தாலோதான் மிகைத்தொகையை மீட்கலாம் என்று வரையறுத்தது. அலுவலகத்தின் சொந்தப் பிழையால் போன பணத்தை அச்சட்டப்படி மீட்க இயலாது. எனினும் அத்துறையினர் அத்தகையோருக்கும் பணத்தைத் திருப்பித் தருமாறு கடிதங்கள் அனுப்பினர். பொதுச் சட்டப்படி வழக்குத் தொடரக்கூடும் என்றும் அவற்றில் குறித்தனர். குழந்தை வறுமை ஒழிப்புச் சங்கம் ஒன்று இதை எதிர்த்து வழக்காடியது. 2010 டிசம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், சட்டம் வகுத்த வழி ஒன்றே வழி, அதற்குப் புறம்பாக மீட்கும் அதிகாரம் துறைக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. அக்கடிதங்களைக் கண்டு அஞ்சி முன்பே பணம் கட்டியவர்கள், சட்டப்படி கட்டவேண்டாத பணத்தைக் கட்டியவர்கள் ஆயினர். பின்னர் 2012-இல் வந்த சட்டம் புதிய உதவித் திட்டங்களில் அலுவலகப் பிழையால் போனதையும் மீட்கலாம் என்று மாற்றியது. சட்டம் மாறும்; ஆதலின் எக்காலத்துச் சட்டம் தமக்குப் பொருந்தும் என்பதையும் பார்த்தல் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் இரு வினாக்கள் கேட்கப்படும். மிகையாகப் பெற்றதில் பெற்றவரிடம் குற்றம் உண்டா? அதைத் திருப்பிக் கேட்பது நியாயத்துக்கும் மனச்சான்றுக்கும் ஒக்குமா? குற்றமும் இல்லை, கேட்பது நியாயமும் இல்லை என்றால் கடனைத் தள்ளுபடி செய்யலாம். கொரோனாக் காலத்துச் சிறப்பு உதவிக்கும் 2020 டிசம்பரில் இவ்வகைத் தள்ளுபடிக்கு வழிசெய்யப்பட்டது.

இந்தியாவில் இதையொத்த கேள்வி சம்பளத்தைப் பற்றி எழுந்தது. அரசு தவறுதலாகக் கூடுதல் சம்பளம் கொடுத்துவிட்டுப் பின்னர் பிடித்தம் செய்யலாமா? 2014 டிசம்பர் 18-ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம், பஞ்சாப் மாநிலத்து வழக்கு ஒன்றில், பிடித்தம் கூடாத ஐந்து நிலைகளைத் தொகுத்துக் கூறியது. பணியாளர் கீழ்நிலைப் பிரிவினராய் இருத்தல். ஓய்வு பெற்றவராகவோ ஓராண்டுக்குள் ஓய்வு பெறுபவராகவோ இருத்தல். மிகைத்தொகை ஐந்தாண்டுக்கு மேலாக வழங்கப்பட்டு வந்திருத்தல். உயர்ந்த பதவியின் வேலையைத் தவறுதலாக வாங்கிக்கொண்டு அதற்குரிய சம்பளத்தைக் கொடுத்திருத்தல். பிடித்தம் செய்வது, மீட்கும் உரிமையினும் மிக்க கொடுமையாய் முடிதல். 2022 மே திங்களில் கேரளத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இவ்வழியில் வென்றார். விதியைத் தவறாகப் பொருள் கொண்டு அவருக்கு ஊதிய உயர்வு வழங்கியது அலுவலகம். அவர் பொய்யுரைக்கவுமில்லை, மறைக்கவுமில்லை. ஆதலின் மீட்டல் கூடாது என்று அம்மன்றம் முடிவு செய்தது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. ‘மிகை காணின் திருப்பித் தருவேன்’ என்று முன்னரே உறுதிமொழி எழுதிக் கொடுத்தவருக்கு இப்பாதுகாப்பு இல்லை என்று 2016-இல் அதே நீதிமன்றம் கூறியது. கையெழுத்திடுமுன் படிக்கவேண்டும் என்ற பழைய பாடத்துக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

சராசரி செய்த கொடுமை

மேற்கூறிய நான்காம் வகைக்கு, அதாவது இல்லாத கடனைக் கேட்டதற்கு, உலகறிந்த எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியாவில் நடந்தது. மக்கள் அதற்கு ‘ரோபோடெட்’ என்று பெயரிட்டனர். இயந்திரம் விதித்த கடன் என்பது பொருள்.

அந்நாட்டில் உதவித்தொகை பெறுவோர் இரு வாரத்துக்கு ஒருமுறை தம் வருமானத்தைத் தெரிவிப்பர். அதற்கேற்ப அவ்விரு வாரத்துக்குத் தொகை வழங்கப்படும். 2015-இல் அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டு அதைப் பெருமளவில் கணினியிடம் ஒப்படைத்தது. வருமான வரி அலுவலகத்திலுள்ள ஓராண்டு வருமானத்தை எடுத்து 26-ஆல் வகுத்து, ஒவ்வோர் இரு வாரத்துக்கும் இவ்வளவு வருமானம் என்று கணினி கொண்டது. அவர் தெரிவித்ததோடு அது ஒவ்வாவிட்டால் கடன் என்றது.

இதைக் கரும்பலகையில் எழுதிப் பார்ப்போம். ஒருவர் ஆண்டின் முற்பாதியில், 13 இரு வாரங்களில், 2,000 டாலர் வீதம் 26,000 டாலர் ஈட்டினார். பிற்பாதியில் வேலை இல்லை, வருமானம் சுழி, உதவித்தொகை பெற்றார். 26,000-ஐ 26-ஆல் வகுத்தால் 1,000. ஆகவே வேலையில்லாத 13 இரு வாரங்களிலும் அவர் 1,000 டாலர் வீதம் ஈட்டிக்கொண்டே வருமானம் இல்லையென்று கூறியதாகக் கணினி கருதும். வகுத்தல் சரி, முடிவு பொய். முற்பாதி முழுதும் பள்ளிக்கு வந்து பிற்பாதியில் வேறு பள்ளிக்கு மாறிச் சென்ற மாணவனை, ஆண்டு முழுதும் ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டம் போட்டவன் என்று வருகைப் பதிவேட்டில் எழுதுவதை ஒக்கும் இது. எந்த ஆசிரியரும் இதைச் செய்யார். ஓர் அரசு செய்தது.

கடிதங்கள் வாரத்துக்கு 20,000 வரை சென்றன. கடன் இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கடிதம் பெற்றவர் தலையில் விழுந்தது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் வேலை செய்த கடையின் சம்பளச் சீட்டை எங்கே தேடுவர்? பலர் கட்டினர். பலர் கடன் வசூலிப்போரிடம் ஒப்படைக்கப்பட்டனர். மனமுடைந்து உயிர்நீத்தவர்களும் உண்டு.

சிலர் முறையிட்டனர். 2017-இல் நிருவாக மேல்முறையீட்டு நடுவர் மன்றத்தில் அமர்ந்திருந்த பேராசிரியர் டெரி கார்னி, சராசரியை மட்டும் கொண்டு கடனை நிறுவ இயலாது, கடன் உண்டென மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுடையது என்று பல வழக்குகளில் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்புகளை எதிர்த்து அரசு மேலே செல்லவில்லை. காரணம் எளிது. முதல் நிலைத் தீர்ப்புகள் வெளியிடப்படுவதில்லை. மேல் நிலைக்குச் சென்றால் வெளியாகிவிடும். முறையிட்டவர் வென்றார், முறையிடாதவர் தொடர்ந்து கட்டினார். 2019 நவம்பரில் பெண்மணி ஒருவர் தொடுத்த வழக்கில், கூட்டரசு நீதிமன்றத்தின் முன் அரசே அம்முறை சட்டத்துக்கு ஒவ்வாதது என்று ஒப்புக்கொண்டது. 2020 மே திங்களில் 4,70,000 கடன்களைச் சேர்ந்த 72 கோடியே 10 இலட்சம் டாலரைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. 2023 ஜூலையில் காதரின் ஹோம்ஸ் தலைமையிலான அரச ஆணையம், அத்திட்டம் நியாயமும் சட்டமும் அற்றது என்று அறிக்கை அளித்தது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலும் 2013 முதல் 2015 வரை இத்தகையது நடந்தது. வேலையிழப்பு உதவி பெற்றோர்மீது கணினி தானாகவே ஏமாற்றுக் குற்றம் சுமத்தியது. பெற்ற தொகையோடு அதைப்போல் நான்கு மடங்கு தண்டமும் விதித்தது. பின்னர் மனிதர் அமர்ந்து மீளாய்ந்தபோது, கணினி மட்டும் முடிவு செய்த 22,427 வழக்குகளில் 20,965 தவறு என்று தெரிந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று! குற்றச்சாட்டு இணையக் கணக்குக்குச் சென்றிருந்ததால் அதைப் பாராதோர் பலர் தம்மீது குற்றம் சாட்டப்பட்டதையே அறியவில்லை. முறையீட்டுக்குரிய நாளும் கடந்துவிட்டது.

இரு வகை முறையீடு

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், முறையீடு இருவகைப்படும் என்பது விளங்கும். ‘கடன் இல்லை’ என்பது ஒன்று. ‘கடன் உண்டு, ஆயினும் கேட்பது நியாயமன்று’ என்பது மற்றொன்று. முன்னது சான்றைக் கொண்டு நிற்கும். பின்னது நிலைமையைக் கொண்டு நிற்கும்.

தமிழாசிரியர்க்கு இதை விளக்கச் சிலப்பதிகாரத்து வழக்குரை காதை போதும். பாண்டியன் அவையில் கண்ணகி இரக்கம் கேட்கவில்லை. தன் கணவன் கள்வன் அல்லன் என்றாள். அதற்குச் சான்று காட்டினாள். அரசியின் சிலம்பில் இருப்பவை முத்துகள் என்று மன்னன் வாயாலேயே வரவழைத்தாள். தன் சிலம்பில் மாணிக்கம் உண்டென்று கூறி உடைத்துக் காட்டினாள். அது முதல் வகை முறையீடு. அவள் அவையில் அழுது மட்டும் நின்றிருந்தால் மன்னன் பொருள் கொடுத்து அனுப்பியிருக்கக்கூடும்; கோவலன் கள்வனாகவே இருந்திருப்பான். நம் மக்கள் மனு எழுதச் சொல்லும்போது முதற்சொல்லாகக் கூறுவது ‘நான் ஏழை, மன்னிக்கவும்’ என்பதே. கடன் இல்லாதவர் மன்னிப்புக் கேட்டால் கடனை ஒப்புக்கொண்டவர் ஆவார். ஆதலின் முதலில் சான்று, பின்னரே நிலைமை. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதலாம், வரிசை மாறக்கூடாது.

கண்ணகியின் முறையீடு வென்றது, கோவலன் மீளவில்லை. தண்டனைக்குப் பின் வரும் விசாரணையின் பயன் அவ்வளவே. பணத்தைப் பிடித்துக்கொண்டு பின்னர் விசாரிப்பதினும், விசாரித்த பின்னர்ப் பிடிப்பதே முறை. ‘முடிவு தெரியும்வரை பிடித்தம் செய்யவேண்டா’ என்று எழுத்தில் கேட்பதும் முறையீட்டின் ஒரு பகுதியாதல் இதனாலேயே.

முறையீடு எழுதும் முறை

நம் நாட்டில் சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியம் என்னும் அமைப்பு 1969-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம் பெற்றுள்ளது. எந்நிலையில் எவரிடம் முறையிடுவது, எத்தனை நாளுக்குள் என்பவற்றை முடிவுக் கடிதத்திலேயே முதலில் தேடல் வேண்டும். அதில் இல்லையேல் பெர்கேசோ அலுவலகத்துக்குச் சென்று கேட்டு, விடையை எழுத்தில் பெறல் வேண்டும். பொதுவாகக் கடைப்பிடிக்கத் தக்கவை இவை:

1. நாளைக் குறித்துக்கொள்க. கடிதத்திலுள்ள நாள், அது கைக்கு வந்த நாள், இறுதி நாள் ஆகிய மூன்றையும் உறையின்மேல் எழுதுக. நல்ல வாதமும் நாள் கடந்தால் பயன்படாது.

2. கணக்கைக் கேட்க. எந்தத் திங்களுக்கு எவ்வளவு, எக்காரணத்தால், எச்சட்டப் பிரிவின்படி என்ற விவரம் இல்லாத கடிதத்துக்கு அவ்விவரம் கேட்டு எழுதுக. விவரம் கேட்டுக் காத்திருப்பதால் இறுதி நாள் தள்ளிப்போகும் என்று எண்ணற்க. முறையீட்டை நாளுக்குள் கொடுத்துவிட்டு, ‘விவரம் கிடைத்தபின் மேலும் கூறுவேன்’ என்று எழுதுக.

3. சான்றுகளைத் திரட்டுக. வேலைநீக்கக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்குப் புத்தகம், புதிய வேலையில் சேர்ந்த நாளைக் காட்டும் கடிதம், அலுவலகத்துக்கு அனுப்பிய செய்திகள் முதலியன. கைப்பேசியிலுள்ள செய்திகளையும் தாளில் எடுத்துக்கொள்க. மூலத்தைக் கொடுக்கவேண்டா, நகலைக் கொடுக்க.

4. சுருங்க எழுதுக. ‘இன்ன நாளிட்ட கடிதம் பெற்றேன். அதில் கேட்கப்பட்ட தொகையை நான் ஒப்பவில்லை. காரணம் ஒன்று: நான் தாமாக விலகியவன் அல்லன், ஆட்குறைப்பால் நீக்கப்பட்டவன். முதலாளியின் அறிவிப்பு இணைப்பு ஒன்றாக உள்ளது. காரணம் இரண்டு: புதிய வேலையில் சேர்ந்த நாள் இது, அதன்பின் நான் தொகை பெறவில்லை. வங்கிக் கணக்கு இணைப்பு இரண்டாக உள்ளது. இவற்றை ஏற்காவிடினும், பிழை என்னால் நேர்ந்ததன்று. தொகை குடும்பச் செலவில் கரைந்துவிட்டது. தள்ளுபடியோ சிறு தவணையோ அளிக்க வேண்டுகிறேன். முடிவு தெரியும்வரை பிடித்தம் செய்யாதிருக்கவும் வேண்டுகிறேன்.’ இதற்கு மேல் வேண்டுவதில்லை. கடிதம் மலாய் மொழியில் இருத்தல் நன்று.

5. கொடுத்ததற்குச் சான்று பெறுக. நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை பெறுக. அஞ்சலில் அனுப்பினால் பதிவஞ்சலில் அனுப்புக.

6. பொய் எழுதற்க. பெற்றவர் பிழை செய்திருந்தால் அதை மறைக்காது, எவ்வாறு நேர்ந்தது என்று கூறுக. அறியாமல் நேர்ந்த பிழை வேறு, ஏமாற்று வேறு. ஒரு பொய் அவ்வேறுபாட்டை அழித்துவிடும்.

தனியே செல்ல அஞ்சுவோர் தொழிற்சங்கத்தையோ, சட்ட உதவித் துறையையோ, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ நாடலாம். வட்டிக்காரரிடம் கடன் வாங்கிக் கட்டுவது ஒன்றைமட்டும் செய்யலாகாது. அலுவலகத்தோடு தவணை பேசலாம். ஆலோங்கோடு அவ்வாறு பேச இயலாது.

ஆசிரியர் கடமை

இது நம் வகுப்பறைக்கு அப்பாற்பட்டதா? அன்று. கடிதம் எழுதுதல் நம் பாடத்தில் உள்ளது. விடுமுறை வேண்டியும், நூலகத்துக்கு நூல் கேட்டும், நண்பனைத் திருவிழாவுக்கு அழைத்தும் மாணவர் எழுதுகின்றனர். ‘இம்முடிவை நான் ஒப்பவில்லை, காரணங்கள் இவை, சான்றுகள் இவை’ என்று எழுதும் கடிதமும் அப்பாடத்தில் ஒன்றாகலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நூலகத் தண்டத்தை எதிர்த்து ஒரு பக்கம் எழுதக் கற்பிக்கலாம். நூலைத் திருப்பிய நாள் எது, அதற்குச் சான்று எது, எவரிடம் கேட்பது என்று அப்பிள்ளை எண்ணத் தொடங்கும். கணக்குப் பாடத்தில் சராசரியைக் கற்பிக்கும்போது, சராசரி எதைக் காட்டும், எதை மறைக்கும் என்றும் சேர்த்துக் கற்பிக்கலாம்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் பயில்வோர்க்கும் இது பொருந்தும். பணிவும் மறுப்பும் ஒரே வாக்கியத்தில் இருக்கக்கூடும் என்பதை மாணவர்க்குக் காட்டுவது மொழியாசிரியர் வேலை. ‘ஐயா’ என்று விளித்துக்கொண்டே ‘தங்கள் கணக்கு தவறு’ என்று எழுதும் ஆற்றல் நம் மொழிக்கு உண்டு. அடங்கிப்போவதையே பணிவென்று நம் மக்கள் நெடுங்காலம் கொண்டதால் இழந்தவை பல.

ஆஸ்திரேலியாவில் தனித்தனியே வென்றவர்களின் தீர்ப்புகள் பெட்டிக்குள் கிடந்தன. அவை பிறர்க்குப் பயன்படவில்லை. நம்மிடையேயும் ஒருவர் முறையிட்டு வென்றால் அவர் மகிழ்ந்து வீட்டோடு இருந்துவிடுகிறார். அண்டை வீட்டார் அதே தொகையைக் கட்டிக்கொண்டிருப்பார். ஆதலின் வென்ற முறையீட்டின் நகலை, பெயரும் எண்ணும் நீக்கி, பள்ளியிலோ கோயில் மண்டபத்திலோ சங்கத்திலோ ஒரு கோப்பில் வைத்தல் வேண்டும். அடுத்தவர் அதைப் பார்த்து எழுதுவார். கேட்ட தொகை உண்மையில் உரியதாயின் தவணையில் கட்டி முடிப்பார், உரியதன்றாயின் கட்டார். எதுவாயினும் கணக்கைப் பார்த்தபின் முடிவு செய்வார்.